பவள வீட்டுக் குடித்தனக்காரர்கள்

பவளம் என்றதும் நம் மனத்தில் வெயிலும் கூடவே வந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி ஆழமில்லாத நீரில் வளரும் பவளங்களுக்குச் சூரியன்தான் சோறு போடுகிறது. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தை உணவாக்கித் தருகின்றன. டிரோன்ஹெய்ம் ஃபியோர்டு என்ற கடல்நுழைவில் வளரும் பவளத்துக்கு அந்த வசதி இல்லை. நார்வேயின் நடுப்பகுதியில், வடக்கு அட்சரேகை 63 டிகிரியில், ஏழெட்டு டிகிரி குளிரில், நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிர்களைத் தன் உணர்கரங்களால் பிடித்துத் தின்று அது வளர்கிறது. லோஃபீலியா பெர்டூசா என்பது அதன் பெயர். பெரும்பாலான கடல்களில் 200 மீட்டருக்குக் கீழே இறங்கித்தான் இதைத் தேடவேண்டும். இந்த ஃபியோர்டில் டௌட்ரா என்ற சிறு தீவின் பக்கத்தில் 39 மீட்டர் ஆழத்திலேயே அதன் திட்டு தொடங்கிவிடுகிறது. இவ்வளவு மேலே வேறெங்கும் அது திட்டாக வளர்ந்ததாகப் பதிவில்லை.

நான் போனது அந்தப் பவளத்தில் குடியிருக்கிறவர்களைப் பார்க்க. வடகிழக்கு அட்லாண்டிக்கின் லோஃபீலியா திட்டுகளில் 1300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கிடைத்த இடத்தில் ஒதுங்கியவை. ஒரு பாறை கிடைத்திருந்தாலும் அங்கே இருந்திருக்கும். மிகச் சிலவே பவளத்தை விட்டால் வாழ இயலாதவை. இந்த இரண்டு கூட்டத்தையும் எப்படிப் பிரித்து அறிகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஓஸ்லோவிலிருந்து டோவ்ரே மலைவெளியைக் கடந்து வரும் ரயில் என்னை டிரோன்ஹெய்மில் இறக்கிவிட்டபோது இரவு மணி பத்து. ஜூன் மாதம் என்பதால் வெளிச்சம் குறையவே இல்லை. நீடெல்வா ஆற்றின் கரையில் மரத்தூண்கள் மேல் நிற்கும் பழைய பண்டசாலைகள், சிவப்பும் மஞ்சளுமாக, தண்ணீரில் தெளிவாகத் தெரிந்தன. ஆற்றின் வளைவுக்குள் நிடாரோஸ் தேவாலயம். அதன் ஆயராக 1758இல் பொறுப்பேற்ற யோஹான் எர்ன்ஸ்ட் குன்னெருஸ் என்பவரிடமிருந்துதான் இந்த ஊரின் கடல் ஆராய்ச்சிக் கதை தொடங்குகிறது.

ஆயர் குன்னெருஸ் 1760இல் இரண்டு வரலாற்றறிஞர்களோடு சேர்ந்து ஓர் அறிவியல் சங்கத்தை நிறுவினார். அதுவே பின்னர் அரச அங்கீகாரம் பெற்று இன்றும் இயங்குகிறது. மீனவர்களின் தூண்டில் கயிறுகளில் சிக்கி வரும் மரம்போன்ற விநோதப் பொருள்களை அவர் வாங்கிச் சேர்த்தார். 1763இல் அவற்றில் ஒன்றுக்கு ரெசிடா என்ற செடியின் சாயலை வைத்துப் பெயர் கொடுத்தார். இன்று அதைப் பிரிம்னோவா ரெசிடிஃபார்மிஸ் என்கிறோம். நார்வேக்காரர்கள் அதை அரிசிமணிப் பவளம் என்கிறார்கள். இன்னொரு பெரிய இனமான பாராகோர்ஜியா ஆர்போரியாவுக்குக் கடல் மரம் என்று பெயர். குன்னெருஸ் ஸ்வீடன் இயற்கையறிஞர் லின்னேயஸோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் நார்வே டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது. நம் தரங்கம்பாடியும் அதே அரசரின் கொடியின் கீழ்தான் இருந்தது. லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து செடிகளைத் திரட்டத் தொடங்கியபோது, குன்னெருஸ் இங்கே நார்வேயின் பவளங்களைப் பற்றிக் கட்டுரை அச்சிட்டுக்கொண்டிருந்தார். ஒரே அரசாட்சியின் இரு கோடியிலும் ஒரே வகை ஆர்வம் வேலை செய்திருக்கிறது என்பதை நினைத்தபோது, டிரோன்ஹெய்ம் எனக்கு அவ்வளவு தூரத்து ஊராகத் தோன்றவில்லை.

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சேகரிப்பு அறை குளிர்ந்து, எத்தனால் வாசனையோடு இருந்தது. நீண்ட அலமாரிகளில் கண்ணாடிப் புட்டிகள். உள்ளே நிறம் வெளுத்த புழுக்கள், நண்டுகள், கைகள் சுருண்ட நட்சத்திர மீன்கள். ஒவ்வொரு புட்டிக்குள்ளும் ஒரு சீட்டு, பென்சிலால் எழுதியது. மை கரைந்துவிடும் என்பதால் இன்றும் பென்சில்தான். நான் சில புட்டிகளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். இடம் இருந்தது, ஆழம் இருந்தது, ஆண்டு இருந்தது. எந்தப் பவளத்தின் மேலிருந்து எடுத்தார்கள் என்பது மட்டும் சிலவற்றில் இல்லை.

இந்தக் குறையின் காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். பழைய முறையில் இரும்புச் சட்டம் கட்டிய வலையைக் கடலடியில் இழுப்பார்கள். மேலே வந்து கொட்டும்போது எல்லாம் ஒரே குவியல். அதில் பவளக் கிளைகள் ஒரு பக்கம், புழு ஒரு பக்கம், இறால்கள் ஒரு பக்கம். பவள அறிஞர் கிளைகளை எடுத்துக்கொள்வார், புழு அறிஞர் புழுக்களை எடுத்துக்கொள்வார். இருவரும் தத்தம் பொருளுக்குச் சரியான பெயர் வைப்பார்கள். ஆனால் எது எதில் குடியிருந்தது என்ற செய்தி கப்பலின் தளத்திலேயே தண்ணீரோடு ஓடிப்போயிருக்கும். கூட்டுவாழ்வு உயிர் ஒன்றை அடையாளம் காண்பது என்றால் அதன் பெயரோடு அதன் விலாசத்தையும் சேர்த்து அறிவது என்று நான் இந்தப் பயணத்தில் உறுதியாக நம்பத் தொடங்கினேன். விலாசம் தொலைந்த உயிரை எவ்வளவு நுணுக்கமாக வரைந்து வைத்தாலும் அது அரைகுறை அறிவுதான்.

விதிவிலக்கானவர்களும் இருந்தார்கள். இதே அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஸ்டோர்ம் 1879இல் இந்த ஃபியோர்டிலிருந்து ஒரு செதில் புழுவை விவரித்தார். இன்று அதன் பெயர் ஹார்மோதோயி ஆக்குலினாரம். லோஃபீலியாவை அப்போது ஆக்குலினா என்று அழைத்தார்கள். அந்த விலாசத்தைப் புழுவின் பெயரிலேயே எழுதிவிட்டார் ஸ்டோர்ம். பவளத்தின் பெயர் அதன் பிறகு மாறிக்கொண்டே வந்தது. 2016இல் மரபணு ஆய்வை வைத்து அதை டெஸ்மோஃபில்லம் பேரினத்துக்கு மாற்றினார்கள். எல்லா ஆய்வாளரும் இன்னும் அதை ஏற்றுப் பழகவில்லை என்பதால் நானும் பழைய பெயரையே எழுதுகிறேன்.

டௌட்ராவுக்கு என்னைக் காரில் அழைத்துப் போனவர் யாழ்ப்பாணத்துக்காரர். நண்பரின் நண்பர், நான் அவரை அண்ணன் என்றே அழைத்தேன். நார்வேக்கு வந்த புதிதில் வடகோடியில் ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலை ஒன்றில் கொட் மீன் வெட்டியவர். ஃப்ரோஸ்டா தீபகற்பத்தின் ஸ்ட்ராபெரி வயல்களைத் தாண்டி, கடலுக்குக் குறுக்கே போட்ட கல்பாதையில் ஏறியதும் இரு பக்கமும் ஈடர் வாத்துகள் மிதந்தன. பறவைகளுக்காக ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் இது. தீவில் 1207இல் சிஸ்டெர்சியன் துறவிகள் கட்டிய மடத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. கொஞ்சம் தள்ளி, நம் காலத்தில் வந்து குடியேறிய அதே சபைக் கன்னியரின் புது மடம்.

கரையில் நின்று தண்ணீரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் நம்பாமல் பார்த்தார். "இதுக்குக் கீழயோ பவளம்? இவ்வளவு வருஷமா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு இஞ்ச வாறன், ஒருத்தரும் சொல்லேல்லை தம்பி" என்றார். பிறகு தானே யோசித்துச் சொன்னார்: "வடக்கில வலைக்குள்ள வெள்ளைக் கொப்பு மாதிரி வரும். எங்களுக்கு அது குப்பை. கை கிழிக்கும் எண்டு எறிஞ்சுபோடுவம்."

அப்படி எறிந்ததில் எத்தனை போயிருக்கும் என்று கணக்குப் பார்க்க முயன்றிருக்கிறார்கள். நார்வே கடற்பகுதியின் லோஃபீலியா திட்டுகளில் 30 முதல் 50 சதவீதம் வரை இழுவலையால் சேதமடைந்திருக்கலாம் என்று 2002இல் வெளியான மதிப்பீடு சொன்னது. அதற்கு முன்பே, 1999இல், சூலா திட்டில் இழுவலைக்குத் தடை விதித்து, குளிர்நீர்ப் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த முதல் ஐரோப்பிய நாடாக நார்வே ஆனது. சூலா திட்டின் அடிப்பகுதி எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. 2002இல் லோஃபோட்டன் தீவுகளுக்கு மேற்கே கண்டறிந்த ரோஸ்ட் திட்டு சுமார் 35 கிலோமீட்டர் நீளம். அதற்கும் அடுத்த ஆண்டே பாதுகாப்பு வந்தது.

ஆய்வுப் படகில் போக எனக்கு இடம் கிடைத்தது. ஃபியோர்டின் மேல்நீர் ஆறுகளால் நன்னீர் கலந்து பழுப்பாக இருக்கும். கயிறு கட்டிய ஆளில்லாக் கலம் அந்தப் பழுப்பைத் தாண்டி இறங்கியதும், அது அனுப்பும் படத்தைக் காட்டிய படகறைத் திரை கருத்துப் போனது, கலத்தின் விளக்குகளைப் போட்டார்கள். சரிவான பாறை. அதில் வெள்ளையும் வெளிர் ஆரஞ்சும் கலந்த புதர்கள் மேலெழுந்தன. ஒவ்வொரு கிளை நுனியிலும் விரிந்த பாலிப். நடுவில் ஒரு கடல் மரம், ரோஜா நிறத்தில், ஆள் கை அகலத்துக்கு விரிந்து நின்றது. பெரிய மஞ்சள் சிப்பிகள் கிளைகளில் தொங்கின. எனக்கு மூச்சு நின்றது. அறையில் இருந்த மற்றவர்களுக்கு இது தினப்படி வேலை; அவர்கள் திரையில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிளையின் அடியில் இருந்த துளையிலிருந்து செந்நிறத் தலை ஒன்று எட்டிப்பார்த்து உள்ளே போனது.

அதுதான் யூனிஸ் நார்வெஜிகா. 1767இல் லின்னேயஸ் பெயரிட்ட புழு. ஒரு சாண் நீளத்தையும் தாண்டி வளரக்கூடியது. பவளக் கிளைகளுக்கிடையே காகிதம்போன்ற மெல்லிய குழலைக் கட்டிக்கொள்கிறது; பவளம் அந்தக் குழலின் மேல் சுண்ணாம்பு பூசிக் கெட்டியாக்குகிறது. வீடு இருவரும் சேர்ந்து கட்டியது.

கலத்தின் இயந்திரக் கை, உடைந்து கிடந்த கிளைகளை மட்டுமே எடுத்தது. அனுமதியில் அவ்வளவுதான் இருந்தது. இங்கே நான் பார்த்த ஒழுங்கு என்னை மிகவும் கவர்ந்தது. எடுக்கும் முன் பல கோணத்தில் படம். எடுத்த கிளை மூடியுள்ள தனிப் பெட்டிக்குள் போகிறது. ஒரு பெட்டிக்கு ஒரு பவளம். கிளையை விட்டு நழுவும் உயிர்கள் பெட்டியிலேயே தங்கும், பக்கத்துப் பவளத்தின் உயிர்களோடு கலக்காது. தனியாக நகர்வதை உறிஞ்சுகுழாயால் எடுக்கிறார்கள். மேலே வந்தவுடன் பவளத்துக்கு ஓர் எண். அதில் இருந்த ஒவ்வொரு உயிருக்கும் அதே எண்ணோடு ஒரு துணை எண். பெட்டியில் மிஞ்சிய நீரையும் நுண்சல்லடையில் வடிகட்டி அதே எண்ணில் வைத்தார்கள். அருங்காட்சியகப் புட்டிகளில் இல்லாமற் போனது இந்த எண்தான்.

பிறகு ஆய்வகம். படகில் இருந்த பரபரப்பு இங்கே இல்லை. ஒரு புழுவுக்கு ஒரு பிற்பகல் போய்விடும். யூனிஸின் தலையில் ஐந்து உணர்கொம்புகள், உள்ளே அடுக்கடுக்கான தாடைகள். பக்கக் கால்களில் ஒன்றை நறுக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கொக்கி முட்களின் நிறத்தையும் நுனிப் பற்களையும் எண்ணினார்கள். செதில் புழுவில் வேறு தொல்லை. முதுகில் பதினைந்து இணைச் செதில்கள் இருக்கவேண்டும், தொட்டாலே உதிர்ந்துவிடும். செதிலின் மேல் உள்ள நுண்முண்டுகள்தான் இனத்தைச் சொல்லும். அதனால் உதிர்ந்த செதில்களையும் பொறுக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் பார்த்த செதில் புழு யூனிஸின் குழலுக்குள்ளேயே இருந்தது. பவளத்துக்குள் புழு, புழுவின் குழலுக்குள் இன்னொரு புழு. ஸ்டோர்ம் சொன்ன அதே ஆக்குலினாரம், அதே ஃபியோர்டில்.

பவளத்தையும் சும்மா விட முடியாது. கடல் மரம்போன்ற எட்டுக்கைப் பவளங்களில் சதைக்குள் நுண்ணிய சுண்ணாம்புத் துணுக்குகள் உண்டு. பிளீச்சில் சதையைக் கரைத்து அந்தத் துணுக்குகளின் வடிவத்தைப் பார்த்துத்தான் இனத்தை முடிவுசெய்கிறார்கள். மரபணுவிலும் இரண்டு தராசு வேண்டியிருக்கிறது: புழு, இறால்களைப் பிரிக்க உதவும் சிஓஐ மரபணு பவளங்களில் மிக மெதுவாக மாறுவதால் நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டாது. எட்டுக்கைப் பவளங்களுக்கு அவற்றுக்கே உரிய மியூட்எஸ் மரபணுவைச் சேர்த்துப் படிக்கிறார்கள். குடித்தனக்காரரின் வயிற்றில் பவளச் சதை இருந்தால் இரண்டும் கலந்து குழப்பும் என்பதால் காலில் ஒரு துண்டுதான் எடுக்கிறார்கள். உடல் முழுதாக இருக்கவேண்டியதை ஃபார்மலினிலும், மரபணுவுக்கானதை எத்தனாலிலும் வைக்கிறார்கள். ஃபார்மலினில் ஊறியதில் மரபணு சிதைந்துவிடுகிறது.

பெயர் கிடைத்துவிட்டது. அடுத்தது உறவை வகைப்படுத்துவது, அதுதான் கடினம். ஒன்றாக வாழ்வதைக் கூட்டுவாழ்வு என்று அன்டன் டி பாரி 1879இல் பொதுவாக வரையறுத்தார். அதற்குள் இருவருக்கும் நன்மை, ஒருவருக்கு மட்டும் நன்மை, ஒட்டுண்ணி என்று பிரிக்கிறோம். புத்தகத்தில் மூன்று பெட்டிகளும் தெளிவாகத்தான் இருக்கின்றன. யூனிஸை எதில் போடுவது? அது பவளத்தின் வாயிலிருந்து உணவைப் பிடுங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் திருடன். ஆனால் ஸ்காட்லாந்தில் முர்ரே ராபர்ட்ஸ் தொட்டியில் வைத்துக் கவனித்தபோது, இந்தப் புழுக்கள் சிதறிய பவளத் துண்டுகளை இழுத்துச் சேர்த்துக் குழலால் இணைப்பதைக் கண்டார். அதை 2005இல் எழுதினார். 2013இல் வெளியான இன்னொரு தொட்டி ஆய்வில், புழு உடனிருந்த பவளம் நான்கு மடங்கு வரை கூடுதலாகச் சுண்ணாம்பு படியவைத்தது. திருடுகிறது, கட்டுகிறது, வந்தவரைக் கடித்து விரட்டுகிறது. எந்தப் பெட்டியிலும் இது அடங்க மறுக்கிறது. அடங்காததை அடங்காதது என்றே எழுதி வைத்திருந்த ஆய்வகக் குறிப்பேட்டை நான் மதிக்கிறேன்.

மறுகோடியில் சந்தேகமே இல்லாத ஒட்டுண்ணிகள். கனடாவின் அட்லாண்டிக் கரையில் இதே கடல் மரத்தின் கிளைகளில் புடைப்புகள் இருந்தன. வெட்டிப் பார்த்தபோது உள்ளே புழுவடிவில் ஓர் உயிர். அது புழு இல்லை, இறால் குலத்தைச் சேர்ந்த கோபிபாட். ஒளிந்து வாழ்ந்து கால்கள் குறுகி, வடிவமே மாறிப்போனது. 2004இல் அதற்குக் கோர்கொனோஃபிலஸ் கனடென்சிஸ் என்று புதுப் பேரினமே அமைத்துப் பெயரிட்டார்கள். பவளத்தை வெட்ட மனமில்லாதவர் கண்ணில் இது படவே படாது. கிளை சற்றுப் பருத்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

நியூ இங்கிலாந்துக்கு அப்பாலுள்ள கடலடி மலைகளில் இன்னும் நெருக்கமான உறவு. மெட்டலோகோர்ஜியா மெலனோட்ரைகோஸ் என்ற பவளத்தில் ஓஃபியோக்ரியாஸ் ஈடிபஸ் என்ற நீள்கை நட்சத்திர உயிர் ஒன்றே ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். சிறு பவளத்தில் சிறியது, பெரிய பவளத்தில் பெரியது. குஞ்சாக வந்து ஒட்டிக்கொண்டது பவளத்தோடு சேர்ந்தே மூத்துப்போகிறது என்று 2009இல் மோஷரும் வாட்லிங்கும் காட்டினார்கள். படம் எடுக்காமல், அளக்காமல், வலையில் வாரியிருந்தால் இரண்டு பெயர்கள் கிடைத்திருக்கும்; இந்த உண்மை கிடைத்திருக்காது.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மெக்சிகோ வளைகுடாவைச் சொல்வேன். 2010இல் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணறு வெடித்தபின் ஆயிரம் மீட்டருக்கும் கீழே பாராமூரிசியா பிஸ்காயா என்ற பவளங்கள் பழுப்புப் படலம் மூடிக் கிடந்தன. அவற்றில் ஆஸ்டெரோஸ்கீமா என்ற நட்சத்திர உயிர் கைகளைச் சுற்றியிருந்தது. ஆண்டுதோறும் அதே பவளங்களைப் படமெடுத்துப் பார்த்ததில், அந்தக் கைகள் எட்டிய கிளைகள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறியிருந்தன. குடித்தனக்காரரை விட்டுவிட்டுப் பவளத்தை மட்டும் கணக்கெடுத்து மறுசீரமைப்புத் திட்டம் போட்டால் அது பாதித் திட்டம்தான்.

டிரோன்ஹெய்மில் எல்லோரும் ஆழ்கடல் சுரங்கத்தைப் பற்றியும் பேசினார்கள். 2024 ஜனவரியில் நார்வே நாடாளுமன்றம் தன் ஆழ்கடல் தரையை கனிமத் தேடலுக்குத் திறக்க வாக்களித்தது. எதிர்ப்பு வலுத்து, அந்த ஆண்டு டிசம்பரில் உரிமம் வழங்கும் பணி நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்திவைத்ததுதான், கைவிட்டதல்ல. கடலடி மலைகளில் கனிம மேலோடு படிந்திருக்கும் அதே பாறைதான் பவளம் வேர்பிடிக்கும் பாறை. அதைச் சுரண்டுவதற்கு முன் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு பட்டியல் வேண்டும். விலாசத்தோடு கூடிய பட்டியல். அதைத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் கூட்டமாக இல்லை. புழுவின் முள்ளைப் பார்த்து இனம் சொல்லும் கண் பல ஆண்டுப் பயிற்சியில் வருவது. ஓய்வுபெறுகிறவர் இடத்தை நிரப்பாமல் விடுவது எளிது, அந்தக் கண்ணைத் திரும்ப உண்டாக்குவது எளிதல்ல. கப்பலுக்கும் கலத்துக்கும் செலவிட மனம்வரும் அரசுகள் நுண்ணோக்கியின் முன் உட்காரும் மனிதருக்கும் அதே மனத்தோடு சம்பளம் தரவேண்டும்.

நான் கிளம்பும் நாளிலும் ஆய்வகத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. சல்லடையில் மிஞ்சியதில் அரிசியைவிடச் சிறிய இறால் குல உயிர் ஒன்று, கடல் மரத்தின் பெட்டியிலிருந்து வந்தது. இரண்டு பேர் மாறிமாறிப் பார்த்தும் இனம் முடிவாகவில்லை. குடும்பப் பெயரை மட்டும் எழுதி, அதன் கீழே பவளத்தின் எண்ணையும் ஆழத்தையும் எழுதினார்கள். ஒரு காலை எத்தனால் குப்பியில் போட்டு மரபணுவுக்கு அனுப்ப வைத்துவிட்டு, அடுத்த பெட்டியைத் திறந்தார்கள்.